கட்டிப்போட்டால் குட்டிபோடும் செடி கடற்கரை மணல்மேட்டை அடையாமல் காப்பது எப்படி: செட்டிநாட்டு வீட்டுக்காரர்களுக்கான முழுமையான வழிகாட்டி

ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே கிடந்து, படைப்புக்கும் சாந்திக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் திறக்கப்படும் செட்டிநாட்டு வீடுகளுக்குத் தண்ணீர் கேட்காத செடிதான் ஒத்துவரும். ஆறு மாதம் கழித்து வந்து கதவைத் திறந்தாலும் தொட்டியில் வாடாமல் நிற்கும் செடி எது என்று நர்சரியில் கேட்டால், இலை ஓரமெல்லாம் குட்டி முளைத்த ஒரு சதைப்பற்றுச் செடியை எடுத்துக் கொடுப்பார்கள். அதை வாங்கி வந்து மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரின்மேல் வைத்துவிட்டு நாம் சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ போய்விடுகிறோம். அடுத்த முறை வரும்போது தொட்டியில் ஒன்று நிற்கும், தட்டோட்டின் இடுக்குகளில் நாற்பது ஐம்பது நிற்கும். அவற்றைக் கூட்டிப் பெருக்கிக் கொல்லைக்குப் பின்னால் கொட்டுகிறோம், அல்லது கடற்கரையில் தோப்பு வாங்கிய உறவினருக்கு ஒரு தொட்டியைக் கொடுத்து அனுப்புகிறோம். செடியின் பயணம் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

இந்த வழிகாட்டியை இரண்டு வகையினருக்காக எழுதுகிறேன். முதலாமவர், இந்தச் செடியை வீட்டில் வைத்திருப்பவர். இரண்டாமவர், தொண்டி, தேவிபட்டினம், மீமிசல் பக்கம் நிலமோ தோப்போ வைத்துக்கொண்டு, வேலிக்கு வெளியே மணலில் இது முளைத்திருப்பதைக் கண்டவர். வேலை கடினமானது அன்று. ஆனால் வரிசை மாறினால் செடியை ஒழிப்பதற்குப் பதிலாக விதைத்துவிட்டு வருவோம். நானே ஒருமுறை அப்படிச் செய்திருக்கிறேன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

முதல் படி: செடியைச் சரியாக அடையாளம் காணுதல்

கட்டிப்போட்டால் குட்டிபோடும் என்று நாம் சிறுவயதிலிருந்து அறிந்த செடி ரணகள்ளி, அதாவது தாவரவியல் பெயரில் கலஞ்சோ பின்னேட்டா. பள்ளிக்கூடத்தில் அதன் இலையைப் புத்தகத்துக்குள் வைத்தும், நூலில் கட்டி ஆணியில் தொங்கவிட்டும் குட்டி வருகிறதா என்று தினமும் பார்க்காதவர்கள் குறைவு. அதன் இலை அகலமாக, முட்டை வடிவில், ஓரம் வளைபற்களோடு இருக்கும். செடியின் மேல்பகுதி இலைகள் மூன்று அல்லது ஐந்து சிற்றிலைகளாகப் பிரிந்திருக்கும். பெரும்பாலும் இலை ஒடிந்து விழுந்த பிறகுதான் அதன் ஓரத்தில் குட்டி முளைக்கும்.

இப்போது நர்சரிகளில் விற்பனையாகும் அதன் உறவுச் செடிகள் இலை ஒடிவதற்குக் காத்திருப்பதில்லை, செடியில் நிற்கும்போதே குட்டி போடுகின்றன. அவற்றில் மூன்றை அடையாளம் கண்டுகொண்டால் போதும். கலஞ்சோ டைகிரிமோன்டியானாவின் இலை படகுபோல் நீண்டு, ஓரம் ரம்பப் பற்களாக இருக்கும். ஒவ்வொரு பல்லின் இடுக்கிலும் ஒரு குட்டி உட்கார்ந்திருக்கும். இலையைத் திருப்பிப் பார்த்தால் அடிப்புறத்தில் ஊதா நிறத் திட்டுகள் தெரியும். கலஞ்சோ டெலகோயென்சிஸின் இலை தட்டையாக இருக்காது. பென்சில்போல் உருண்டு, சாம்பல் கலந்த பச்சையில் கரும்புள்ளிகளோடு இருக்கும், குட்டிகள் இலையின் நுனியில் மட்டும் கொத்தாக நிற்கும். மூன்றாவது இவ்விரண்டின் கலப்பினமான கலஞ்சோ ஹௌட்டோனி. கலிபோர்னியாவில் 1930களில் ஹௌட்டன் என்பவர் கலப்புச் செய்து உருவாக்கியது இது. அதன் இலை குறுகலான படகு வடிவில், நடுவில் மடிந்ததுபோல் இருக்கும். மூன்றிலும் பூக்கள் உயர்ந்த தண்டின் உச்சியில் செம்மஞ்சளாகவோ சிவப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ மணிமணியாகக் கீழ்நோக்கித் தொங்கும். பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

டெலகோயென்சிஸ் என்னும் பெயர் மொசாம்பிக்கின் டெலகோவா வளைகுடாவிலிருந்து வந்தது. ஆனால் அந்தச் செடியின் பிறப்பிடம் மடகாஸ்கர் தீவு. அங்கிருந்து தோட்டச் செடியாகவே உலகெங்கும் சென்று, ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ் மாநிலங்களிலும், தென்னாப்பிரிக்காவிலும், அமெரிக்காவின் புளோரிடாவிலும் காட்டுக்கும் கடற்கரைக்கும் தப்பிப் பரவியிருக்கிறது. ஸ்பெயினின் மத்தியதரைக் கடலோரத்தில் இதே வேலையைக் கலப்பினமான ஹௌட்டோனி செய்துகொண்டிருக்கிறது. எந்த நாட்டிலும் இதை யாரும் கெட்ட எண்ணத்தோடு நடவில்லை. தொட்டியில் வைத்தார்கள், அதிகமானதைத் தூக்கிப் போட்டார்கள்.

இரண்டாம் படி: அது எப்படிப் பரவுகிறது என்பதைப் புரிந்துகொள்ளுதல்

ஒரு டைகிரிமோன்டியானா இலையை விரல் நுனியால் மெல்லத் தட்டிப் பாருங்கள். ஓரத்திலிருந்து இரண்டு மூன்று குட்டிகள் உடனே உதிரும். ஒன்றை உள்ளங்கையில் எடுத்துப் பார்த்தால், உளுந்தம் பருப்பை ஒத்த அளவில், எதிரெதிராக இரண்டோ நான்கோ தடித்த இலைகள், அடியில் மயிரிழைபோல் வெண்ணிற வேர் எல்லாம் தயாராக இருக்கும். அது விதை அன்று, முழுச் செடி. முளைப்பதற்கு ஈரம் கேட்டுக் காத்திருக்கும் கட்டம் அதற்கு இல்லை. விழுந்த இடத்தில் வேரை இறக்குவது மட்டுமே பாக்கி. டைகிரிமோன்டியானா பரவுவது பெரும்பாலும் இந்தக் குட்டிகளால்தான், விதையின் வேலையை இலை ஓரமே செய்துவிடுகிறது. டெலகோயென்சிஸ் குட்டியும் போடும், தூள்போன்ற நுண்ணிய விதையும் போடும், அந்த விதை மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். ஆகவே அதை ஒழிப்பது இன்னும் நீண்ட வேலை.

பூட்டிய வீட்டு மாடியிலும் கொதிக்கும் மணலிலும் இது பிழைப்பதற்குக் காரணம் அதன் மூச்சுவிடும் முறை. மற்றச் செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து காற்றை இழுக்கும்போது உள்ளிருக்கும் நீரும் ஆவியாகிப் போகும். இந்தக் குடும்பத்துச் செடிகள் பகலில் துளைகளை மூடிக்கொண்டு, இரவில் திறந்து கரியமில வாயுவை இழுத்து அமிலமாகச் சேமித்து, மறுநாள் வெயிலில் அதைச் சர்க்கரையாக்கிக்கொள்கின்றன. பிடுங்கிப் போட்ட செடி காய்ந்துவிடும் என்று நாம் நினைப்பது இவற்றிடம் பலிக்காததற்கு இதுவே காரணம். வேரறுந்த தண்டு வாரக்கணக்கில் உயிரோடு கிடந்து, தன் சதையில் உள்ள நீரைக் கொண்டே குட்டிகளை வளர்த்துக் கீழே விடும்.

நம் வீடுகளின் அமைப்பும் இதற்குத் துணைபோகிறது. மழைநீர் ஓட்டுக்கூரையிலிருந்து முற்றத்துக்கும், முற்றத்திலிருந்து மதகு வழியாகத் தெரு வாய்க்காலுக்கும், அங்கிருந்து ஊருணிக்கும் போகும்படி நம் முன்னோர் திட்டமிட்டுக் கட்டினார்கள். வறண்ட நாட்டில் ஒரு சொட்டும் வீணாகக் கூடாது என்ற அருமையான ஏற்பாடு அது. மாடியில் உதிர்ந்த குட்டிகளும் அதே வழியில்தான் பயணம் செய்கின்றன. ஊருணியும் கண்மாயும் நிறைந்து கலுங்கு பாய்ந்தால், இந்தப் பகுதியின் நிலச்சரிவு கிழக்கு நோக்கி என்பதால், நீர் பாம்பாறு போன்ற சிற்றாறுகளின் வழியாகப் பாக் நீரிணையை நோக்கிப் போகிறது. ஆற்றுவழி நீண்டது, ஆனால் காரின் வழி நீண்டது அன்று. தேவகோட்டையிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் தொண்டிக் கடற்கரைக்குப் போய்விடலாம், பின்பெட்டியில் ஒரு தொட்டியோடு.

மூன்றாம் படி: மணல்மேட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுதல்

களை எடுக்கப் போகுமுன், காப்பாற்ற வேண்டியவை எவை என்று தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் மிதித்தே பாதியை அழித்துவிடுவோம்.

பாக் நீரிணைக் கரையின் மணல்மேடுகள் உயரமானவை அல்ல. பல இடங்களில் இடுப்பளவுகூட இராது. கடற்காற்று கொண்டுவரும் மணலைத் தடுத்து நிறுத்தி மேடாக்குபவை இரண்டு செடிகள். ஒன்று அடம்பு. ஆட்டுக்குளம்பு போன்ற பிளந்த இலையும் ஊதாப் பூவுமாக, கணுவுக்குக் கணு வேரூன்றிக்கொண்டு மணலின்மேல் ஓடும் கொடி. சங்கப் புலவர்கள் நெய்தல் நிலத்தைப் பாடும்போதெல்லாம் அடும்பு என்று சொன்னது இதைத்தான். மற்றது இராவணன் மீசை. விறைத்த ஊசி இலைகளோடு, மணல் மூட மூட மேலே எழும்பி வளரும் புல். அதன் விதைக்கொத்து முள்ளுருண்டையாக உதிர்ந்து காற்றில் கரையோரமாக உருண்டோடும். கடற்கரைப் பிள்ளைகள் அதைத் துரத்தி விளையாடுவார்கள். அவற்றுக்குப் பின்னால், சற்று உள்ளே, தாழையும் புன்னையும் நிற்கும். மணல்மேடு என்பது மணலும் இந்தச் செடிகளும் சேர்ந்த ஓர் அமைப்பு. செடி போனால் மணல் நகரும், மணல் போனால் அடுத்த புயலில் கடல் உள்ளே வரும், கரையோரக் கிணறு உப்பாகும்.

குட்டிபோடும் கலஞ்சோவின் வேர் மேலோட்டமான சல்லிவேர். மணலைப் பிடித்து வைக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. ஆனால் கூட்டமாக முளைத்துத் தரையை மூடிவிடுவதால் அடம்பின் நாற்றும் புல்லின் நாற்றும் வெளிச்சம் கிடைக்காமல் போகின்றன. மேட்டைக் கட்டும் செடியின் இடத்தை மேட்டைக் கட்டத் தெரியாத செடி பிடித்துக்கொள்கிறது. கலிபோர்னியாவில் இதன் மறுபக்கக் கதை ஒன்று உண்டு. தென்னாப்பிரிக்காவின் கார்ப்போபுரோட்டஸ் என்னும் சதைப்பற்றுக் கொடியை, மண்ணைப் பிடிக்கும் என்று நம்பி 1900களின் தொடக்கத்தில் இருப்புப்பாதைக் கரைகளிலும், பின்னர் 1970கள் வரை நெடுஞ்சாலை ஓரங்களிலும் நட்டார்கள். அது கடற்கரை மணல்மேடுகளைப் பாய்போல் மூடி, அந்த மண்ணுக்கே உரிய செடிகளை நசுக்கியது. இன்று அதைக் கையால் உரித்தெடுக்கத் தொண்டர்கள் கூடுகிறார்கள்.

இந்திய அரசின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை மணல்மேடுகளை மிக உயர்ந்த பாதுகாப்புப் பிரிவில் வைத்திருக்கிறது. ஆகவே உங்கள் வேலிக்கு வெளியே உள்ள மணலில் வேலை செய்யப் போனால், ஊராட்சியிலும் வனத்துறை அலுவலகத்திலும் முன்பே சொல்லிவிடுங்கள். படகு இழுக்கும் கரையாக இருந்தால் மீனவர்களிடம் கேட்காமல் கால் வைக்காதீர்கள். எந்த மேடு எந்தக் காற்றில் வளர்ந்தது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

நான்காம் படி: நஞ்சு பற்றிய எச்சரிக்கை

இந்தச் செடிகளில் பூஃபாடையீனோலைடு எனப்படும், இதயத் துடிப்பைத் தாக்கும் நச்சுப்பொருள்கள் இருக்கின்றன. இலை, தண்டு, வேர் எல்லாவற்றிலும் உண்டு, பூவில் மிக அதிகம். ஆஸ்திரேலியாவில் மோரீ என்னும் ஊருக்கு அருகே 1997இல், மாடுகள் ஓட்டிச் செல்லும் மேய்ச்சல் நிலமொன்றில் இந்தச் செடியைத் தின்று 125 மாடுகள் இறந்தன. ஆடுமாடு மேயும் கண்மாய்க் கரையில் இதைக் கொட்டக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.

இதைவிட எனக்கு அதிகக் கவலை தருவது மனிதர்களைப் பற்றியது. சிறுநீரகக் கல்லுக்கு ரணகள்ளி இலையை வெறும் வயிற்றில் மென்று தின்பவர்கள் நம் ஊர்களில் பலர். குட்டிபோடும் இலையெல்லாம் ரணகள்ளி என்று எண்ணி, மாடித் தொட்டியில் உள்ள டைகிரிமோன்டியானாவைப் பறித்துத் தின்றுவிடும் ஆபத்து உண்மையானது. ரணகள்ளியிலேயே இந்த வகை நச்சுப்பொருள் உண்டு என்பதால், மருத்துவரைக் கேட்காமல் எதையும் தின்ன வேண்டாம். வேலை செய்யும்போது ரப்பர் கையுறை அணியுங்கள், சாறு கண்ணில் பட்டால் உடனே கழுவுங்கள், பிள்ளைகளைப் பூக்கொத்து எடுக்க விடாதீர்கள்.

ஐந்தாம் படி: காலமும் கருவிகளும்

நம் பகுதியில் ஐப்பசி, கார்த்திகை மழையில் உதிர்ந்த குட்டிகள் வேரூன்றும், பகல் குறுகும் பனிக்காலத்தில் பெரிய செடிகள் பூத்தண்டு விடும். எனவே முதல் சுற்று ஆவணி, புரட்டாசியில் மழைக்கு முன்பும், இரண்டாம் சுற்று மார்கழியில் பூ விரியுமுன்பும் இருக்க வேண்டும். ஒரு சுற்றுக்குத்தான் ஆள் கிடைக்கும் என்றால் மழைக்கு முந்தைய சுற்றைத் தேர்ந்தெடுங்கள்.

வேண்டிய பொருள்கள் எல்லாம் வீட்டிலேயே இருப்பவைதான்: ஓட்டையில்லாத கெட்டியான பிளாஸ்டிக் பைகள், ஒரு பழைய தார்ப்பாய், கத்தரிக்கோல், குட்டிகளைப் பொறுக்க ஒரு முறம், மணலைச் சலிக்க ரவைச் சல்லடை. கொத்தனார் மணல் சலிக்கும் வலை உதவாது, அதன் கண் வழியாகக் குட்டிகள் கீழே போய்விடும். உரச்சாக்கும் வேண்டாம், அதன் நெசவு இடைவெளியில் குட்டி உதிரும். தென்னை விளக்குமாற்றைக் கையிலேயே எடுக்காதீர்கள். ஒரு வீச்சில் பத்துக் குட்டிகளைப் பத்துத் திசைக்கு அனுப்பிவிடும்.

ஆறாம் படி: எடுக்கும் முறை

கூட்டத்தின் நடுவிலிருந்து தொடங்காதீர்கள். வெளி ஓரத்தில், தனித்தனியாக நிற்கும் சிறியவற்றிலிருந்து தொடங்கி உள்நோக்கிச் செல்லுங்கள். நடுவில் முதலில் கால் வைத்தால், உதிர்ந்த குட்டிகள் செருப்பில் ஒட்டிக்கொண்டு சுத்தமான மணலுக்கு வந்துவிடும்.

பூத்தண்டு இருந்தால் முதலில் அதை மட்டும் வெட்டிப் பைக்குள் போட்டுக் கட்டிவிடுங்கள். அடுத்து, செடியின் தலைக்குமேல் ஒரு பையைக் கவிழ்த்து, இலைகளை ஒன்றாக அணைத்துப் பிடித்துக்கொண்டு, மறு கையால் தண்டின் அடியைப் பற்றி நேராக மேலே இழுங்கள். மணலில் எளிதாக வந்துவிடும். செட்டிநாட்டுச் செம்மண்ணும் சரளையும் காய்ந்திருக்கும்போது தண்டு அடியோடு ஒடிந்து வேர் உள்ளே தங்கிவிடும் என்பதால், முந்திய நாள் மாலை தண்ணீர் ஊற்றி வையுங்கள். செடி கையில் வந்ததும் அந்தப் பையை அப்படியே தலைகீழாகத் திருப்பினால், செடியும் உதிர்ந்த குட்டிகளும் பைக்குள்ளேயே இருக்கும். இந்த ஒரு கைப்பழக்கம் வந்துவிட்டால் பாதி வேலை குறையும்.

பிறகு வருவதுதான் பொறுமை வேண்டும் வேலை. தொண்டிக்குத் தெற்கே உறவினர் ஒருவரின் தோப்பு வேலிக்கு வெளியே, ஒரு கட்டில் அளவு இடத்தில் டெலகோயென்சிஸ் முளைத்திருந்ததை எடுக்கப் போயிருந்தோம். செடிகளைப் பிடுங்க முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. இடம் வெறுமையாகிவிட்டது என்று நினைத்துக் குனிந்து பார்த்தால், மணலின்மேல் பச்சையும் பழுப்புமாகப் புள்ளி புள்ளியாகக் குட்டிகள். மேல் மணலை இரண்டு விரற்கடை ஆழத்துக்கு வழித்தெடுத்துச் சல்லடையில் சலித்தோம். சுத்தமான மணல் கீழே விழ, சல்லடையில் கிளிஞ்சல் துண்டு, ஆட்டுப்புழுக்கை, காய்ந்த அடம்பிலை, இவற்றுக்கு நடுவே குட்டிகள் நின்றன. காலையில் பனி ஈரத்தில் மணல் சலிபடவே இல்லை. பத்து மணிக்குமேல் வெயில் ஏறிய பிறகுதான் வேலை ஓடியது. அன்று மாலைக்குள் அந்தக் கட்டில் அளவு இடத்தில் முக்கால் பங்கைத்தான் முடிக்க முடிந்தது. நீங்களும் நாளைக் கணக்கிடும்போது பிடுங்குவதற்கு ஒரு பங்கு, சலிப்பதற்குப் பத்துப் பங்குக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடையில் அடம்புக் கொடி ஓடியிருந்தால் அதை வெட்டாமல் தூக்கி ஒதுக்கிவைத்து, அடியில் சலித்துவிட்டுப் பழையபடி விடுங்கள்.

கிளம்புமுன் செருப்பின் அடி, கால்சட்டை மடிப்பு, கார் மிதியடி எல்லாவற்றையும் தட்டிப் பாருங்கள்.

களைக்கொல்லி அடிக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். மெழுகு பூசியதுபோன்ற இலையில் மருந்து நிற்பதில்லை, நிற்கும்படி கலவை சேர்த்து அடித்தால் பக்கத்திலுள்ள அடம்பும் சேர்ந்து போகும். மணல்மேட்டில் வேண்டாம்.

ஏழாம் படி: எடுத்த செடியை அழித்தல்

நான் தவறிய இடம் இதுதான். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மாடியில் இருந்தவற்றை எல்லாம் பிடுங்கிக் கூடையில் நிறைத்தபோது, வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மா, “ஆச்சி, இதக் கொண்டுபோயிக் கம்மாக் கரையில போட்டுர்றேன், அடிக்கிற வெயிலுக்கு ரெண்டு நாள்ல சருகாயிரும்” என்றார். “கம்மாயில வேணாந்தா, மாடு வந்து வாய வைக்கும். கொல்லைக்குப் பின்னால கொட்டு” என்று சொன்னேன். மாட்டைப் பற்றி யோசித்த நான் செடியைப் பற்றி யோசிக்கவில்லை. அந்த ஆண்டு மழை முடிந்து வந்து பார்த்தபோது, கொல்லை வாய்க்காலின் இரு கரையிலும் விரலளவுச் செடிகள் வரிசையாக நின்றன. கடைசிச் செடி ஊருணிப் படித்துறையின் கல் இடுக்கில் இருந்தது.

ஆகவே குப்பைமேடு, உரக்குழி, கண்மாய், வாய்க்கால், சாலையோரம் எதிலும் போடக் கூடாது. நகராட்சி வண்டியில் போட்டாலும் அது வேறோர் ஊரின் குப்பைமேட்டுக்குத்தான் போகும். கொஞ்சமாக இருந்தால் வேகவைப்பதுதான் உறுதியான வழி. சமையலுக்குத் திரும்ப எடுக்கவே போவதில்லை என்று ஒதுக்கிய பழைய பெயிண்ட் டின்னில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, செடிகளைப் போட்டு, இலை நிறம் மாறிக் குழையும்வரை திறந்த வெளியில் வேகவையுங்கள். வெந்ததை ஆடுமாடு தோண்ட முடியாத குழியில் புதைத்துவிடலாம். நிறைய இருந்தால், கருநிறப் பிளாஸ்டிக் பைகளில் காற்றுப் புகாமல் இறுகக் கட்டி, பங்குனி முதல் வைகாசிவரை மொட்டைமாடி வெயிலில் போட்டு வையுங்கள். உள்ளே வெந்து அழுகிக் கூழாகிவிடும். பையைத் திறந்து பார்க்கும்போது பச்சை ஏதாவது தெரிந்தால் மறுபடி கட்டிப் போடுங்கள். பையோடு எரிப்பது கூடாது. நெருப்பில் போடுவதாக இருந்தால் பையிலிருந்து நேரே எரியும் தீயில் கொட்ட வேண்டும், காய்ந்த விறகு நிறைய வேண்டும், ஏனென்றால் செடியில் பெரும்பகுதி நீர்தான். கடற்கரையில் தீ மூட்டவே கூடாது, எல்லாவற்றையும் கட்டி வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

எட்டாம் படி: பூச்சி வந்து தின்றுவிடும் என்று காத்திராமை

நாகதாளி என்னும் சப்பாத்திக்கள்ளியின் கதையைக் கேட்டவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்பார்கள். ஒருகாலத்தில் தமிழ்நாடெங்கும் சப்பாத்திக்கள்ளி மண்டிக் கிடந்தது. 1795இல் சிவப்புச் சாயம் எடுப்பதற்காக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட பூச்சி, உண்மையான சாயப்பூச்சியாக இல்லாமல் அதன் உறவுப்பூச்சியாக இருந்தது. சாயம் தேறவில்லை, ஆனால் அது ஒரு வகைக் கள்ளியைத் தின்று தீர்த்தது. அதைக் கண்டு 1863 முதல் 1868 வரையிலான ஆண்டுகளில் தென்னிந்தியாவுக்கு வேண்டுமென்றே கொண்டுவந்து விட்டார்கள். களையை அழிக்கப் பூச்சியைத் திட்டமிட்டுப் பயன்படுத்தியதில் உலகின் முதல் வெற்றிகளில் ஒன்று இது. நம் பக்கத்து நாகதாளிக்கு அந்தப் பூச்சி ஒத்துவராததால், 1926இல் இலங்கையிலிருந்து வேறொரு வகைப் பூச்சி வந்தது. அதன் பிறகுதான் கள்ளிக்காடுகள் சுருங்கின.

கலஞ்சோவுக்கு அத்தகைய துணை நம்மிடம் இல்லை. ஆஸ்திரேலியாவில் இதைத் தாக்குவதாகக் கண்ட தென்னாப்பிரிக்கச் செடிப்பேன் எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களின் பகைப்பூச்சி. அதை யாரும் விரும்பி அழைக்க முடியாது. கையால் எடுப்பது ஒன்றே இப்போதைக்கு வழி. சீமைக்கருவேலத்தை நாம் எந்தக் கட்டத்தில் எதிர்க்கத் தொடங்கினோம் என்பதை இராமநாதபுரம், சிவகங்கை மாவட்டங்களில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தமிழக அரசு அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கென்று தனிக் கொள்கை வெளியிட்டதே 2022இல்தான். கட்டில் அளவாக இருக்கும்போது எடுக்கும் வாய்ப்பு கருவேலத்தில் தவறிப்போனது, இதில் இன்னும் இருக்கிறது.

ஒன்பதாம் படி: வெற்றிடத்தை நிரப்புதலும் மாடித் தொட்டியும்

எடுத்த இடத்தை உடனே நட்டு நிரப்ப வேண்டும் என்ற ஆசை வரும். ஒரு மழைக்காலம் பொறுங்கள். விட்டுப்போன குட்டிகள் வெற்று மணலில் கண்ணுக்குத் தெரியும், நட்டுவிட்டால் மறைந்துகொள்ளும். பல இடங்களில் பக்கத்து அடம்பே ஓடி வந்து மூடிவிடும். வராத இடத்தில், அடுத்த ஐப்பசியில் அதே கரையிலிருந்து முழங்கை நீளத்துக்கு அடம்புக் கொடியை வெட்டி, இரண்டு கணு மணலுக்குள் போகும்படி சாய்த்துப் புதையுங்கள். வேறு கரையிலிருந்தோ நர்சரியிலிருந்தோ எதையும் கொண்டுவராதீர்கள்.

பூட்டிய வீட்டு மாடிக்குத் தண்ணீர் கேட்காத செடி வேண்டும் என்ற தேவை நியாயமானதுதான். அதற்கு நம் மண்ணிலேயே பிரண்டை இருக்கிறது. கைப்பிடிச் சுவரில் படரும், கோடையைத் தாங்கும், வீட்டுக்கு வந்த நாளில் துவையலுக்கும் ஆகும். சரளைக் காட்டில் தானாக வளரும் கள்ளிமுளையானையும் தொட்டியில் வைக்கலாம். சோற்றுக்கற்றாழை பக்கக்கன்று விடுமே தவிர காற்றில் குட்டியை உதிர்க்காது. ஏற்கெனவே இருக்கும் குட்டிபோடும் செடியை விட மனமில்லாதவர்கள், அதைக் கூரைக்குக் கீழே, அகலமான தாம்பாளத்தின் நடுவில் வைத்து, தாம்பாளத்தில் விழுவதை வாரம் ஒருமுறை கொதிநீரில் போட ஆள் இருந்தால் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பூட்டிய வீட்டில் அதைச் செய்ய ஆள் இல்லை.

பத்தாம் படி: திரும்பிப் போய்ப் பார்த்தல்

எடுத்த இடத்தின் நான்கு மூலையிலும் குச்சி நட்டு, கைப்பேசியில் இடக்குறிப்போடு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் படத்தை ஊராட்சியின் உயிர்ப்பன்மை மேலாண்மைக் குழுவுக்கும் ஒரு பிரதி கொடுங்கள். முதல் ஆண்டில் மாதம் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும், மழை மாதங்களில் இருமுறை. இரண்டாம் ஆண்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும். டைகிரிமோன்டியானாவாக இருந்தால் தொடர்ந்து இரண்டு மழைக்காலம் ஒன்றும் தென்படாதபோது நிறுத்தலாம். டெலகோயென்சிஸ் பூத்துக் காய்த்திருந்த இடம் என்றால், மண்ணில் விதை கிடப்பதால், ஒவ்வோர் ஆண்டும் முதல் மழை பெய்த மூன்றாவது வாரத்தில் பல ஆண்டுகள் போய்வர வேண்டும்.

தொண்டிப் பக்கத்து அந்தக் கட்டில் அளவு இடத்துக்கு நாங்கள் அந்த நாளுக்குப் பிறகு இதுவரை பதினோரு முறை போய்வந்திருக்கிறோம். முதல் முறை மீதி இருந்த கால் பங்கைச் சலித்தோம். ஐந்தாவது முறை பதினேழு குட்டிகள், எட்டாவது முறை நான்கு. கடைசியாகப் போனபோது குச்சிகளில் இரண்டைக் காணோம். மீதி இரண்டில் ஒன்றின்மேல் அடம்பு ஏறியிருந்தது, மற்றதன் அடியில் ஓர் இராவணன் மீசை உருண்டை சிக்கி, பாதி மணலில் புதைந்து கிடந்தது. குட்டி ஒன்று மட்டும் இருந்தது, பையில் போட்டுக் கொண்டுவந்தோம். அடுத்த பயணம் புரட்டாசியில்.